வெள்ளைக் கோட்டுக்குக் கீழே நின்ற வண்டி

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எங்கள் இராணுவப் பட்டறையின் பழைய ஆட்கள் கூடினோம். இப்போதும் அங்கே வேலை பார்க்கிற ஒரு சார்ஜன், புதிதாக வரப்போகும் ஜீப்பின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். குளிர்சாதனம் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது, பின்னால் பார்க்கக் கேமராகூட இருக்கிறது. என் வயதொத்த இரண்டு மூன்று பேர் உடனே பெருமூச்சு விட்டார்கள். பழைய வண்டிக்கு ஈடாகுமா, ஒரு சுத்தியலும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் காட்டுக்குள்ளேயே சரிசெய்துவிடலாம், இது தண்ணீரைக் கண்டாலே படுத்துவிடும் என்றார்கள். சார்ஜன் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க அங்கிள்?" என்று கேட்டார். புதியதுதான் நல்ல வண்டி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்குவதற்குள் பாயசம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வண்டியின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏக்கம் கிடையாது.

நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு படையில் சேர்ந்தேன். போர்ட்டிக்சன் முகாமில் பெற்ற ஆரம்பப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் ஓடவிட்டார்கள், பிறகு இயந்திரங்களைக் கழற்றவிட்டார்கள். இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் கோலாலம்பூர் ஓரத்தில் இருந்த பட்டறைக்கு அனுப்பினார்கள். இடையில் வேறு முகாம்களுக்குப் போய் வந்தாலும், வாரண்ட் அதிகாரியாக ஓய்வு பெற்றது அங்கேதான். எங்கள் படையில் வாரண்ட் அதிகாரியை 'என்சிக்' என்று அழைப்பார்கள். கடைசி வருடங்களில் எல்லாருக்கும் நான் என்சிக் பாலா.

நான் போய்ச் சேர்ந்தபோது இருந்தது பெட்ரோல் ஜீப். மேலே கான்வாஸ் துணி, கீழே பட்டை ஸ்பிரிங், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஸ்டீரிங்கைத் திருப்ப உடம்பு பலம் வேண்டும். முன்சக்கரம் திடீரென்று பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீரிங் தானாகச் சுழன்று கட்டைவிரலை முறித்துவிடும். அதனால் புதிய ஓட்டுநருக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே, கட்டைவிரலை வளையத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதுதான். ஓடையைத் தாண்டினால் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்துகொள்ளும். அது காயும்வரை பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். மறந்தவர்கள் அடுத்த வளைவில் மரத்தில் போய் முட்டினார்கள்.

மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பெட்ரோல் போய் டீசல் வந்தது. லோரிக்கும் ஜீப்புக்கும் ஒரே எண்ணெய் என்பது வசதி. கசிந்தாலும் சட்டென்று தீப்பிடிக்காது என்பது அதைவிடப் பெரிய வசதி. ஆனால் டீசல் இயந்திரம் கனமானது, ஆட்டமும் அதிகம். அதைத் தாங்கும் இரும்புப் பிடிகளில் விரிசல் விட ஆரம்பித்தது. நாங்கள் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு முக்கோணத் தகட்டை வைத்துப் பற்றவைத்தோம். விவரம் மேலே போயிற்று. அடுத்து வந்த வண்டிகளில் அந்தத் தகடு தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை என் மனைவியிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததும் முடிந்துவிடுவதில்லை, நாங்கள் பார்ப்பதும் அதில் போய்ச் சேருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு பவர் ஸ்டீரிங், டிஸ்க் பிரேக். அதன்பின் பின்பெஞ்சுகளை எடுத்துவிட்டு, முன்னோக்கி உட்காரும் இருக்கைகளும் பெல்ட்டும் வைத்தார்கள், தலைக்கு மேல் ஓர் இரும்பு வளைவும் வந்தது. ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. அவசரத்தில் குதிக்க முடியாது, பெல்ட் இடுப்பை அறுக்கிறது என்று முணுமுணுத்தார்கள். ஒருநாள் கேரி தீவில் செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு ஜீப், எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கும்போது சறுக்கி வடிகாலில் உருண்டுவிட்டது. மீட்பு லோரியில் நான் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் ஐந்து பேரும் சாலையோரம் உட்கார்ந்து தோட்டத்து ஆட்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. வண்டி தலைகீழாகக் கிடந்தது. இரும்பு வளைவு நசுங்கியிருந்தது, ஆனால் உடையவில்லை. எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து அந்த வளைவை வரைந்த முகம் தெரியாத மனிதரை நினைத்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியாக வந்தது எலக்ட்ரானிக் தலைமுறை. இயந்திரத்துக்கு எவ்வளவு எண்ணெய், எப்போது என்பதையெல்லாம் ஒரு சின்னப் பெட்டி முடிவு செய்யும். புகை குறைந்தது, எண்ணெய்ச் செலவு குறைந்தது, சாவியைத் திருப்பினால் உடனே உயிர் வந்தது. அந்த வண்டிகள் வந்து கொஞ்ச காலத்தில்தான் எங்கள் பட்டறைக்கு மேஜர் சல்மா தலைமை அதிகாரியாக வந்தார்.

நான் பார்த்த அதிகாரிகளில் அவரைப் போல வேறொருவர் இல்லை. சிறிய உருவம், தணிந்த குரல். பொறியியல் படித்தவர். காலையில் வந்ததும் அறைக்குள் போகாமல் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றுவார். பழுதான வண்டி எதுவானாலும் குனிந்து அடியில் பார்ப்பார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது, "புவான், இதுக்கு இன்ஜெக்டர்தான் காரணம்" என்று சொன்னால் (புவான் என்றால் மேடம்), "நீங்கள் பார்த்ததா, நினைத்ததா?" என்று மலாயில் கேட்பார். அதில் ஏளனம் இருக்காது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். நினைத்தது என்று ஒத்துக்கொண்டால் கோபப்படமாட்டார். "சரி, எப்படிப் பார்க்கலாம்?" என்பார். கொஞ்ச நாளில் பட்டறையில் எல்லாருமே வாயைத் திறப்பதற்கு முன்பு ஒரு நொடி யோசிக்க ஆரம்பித்தோம்.

அவர் வந்த அடுத்த மழைக்காலத்தில் கிள்ளானில் வெள்ளம் வந்தது. விடாமல் பெய்து, தாழ்வான தாமான் குடியிருப்புகளில் எல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டது. மக்களைக் கொண்டுவர எங்கள் ஜீப்புகளும் லோரிகளும் போயின. நான் மீட்பு லோரியுடன் ஒரு பெட்ரோல் நிலையத்தின் அருகே மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டு வாசல்வரை ஜீப்புகள் போகும். லோரி நுழைய முடியாத சந்துகள் அவை. அங்கிருந்து ஆட்களை ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

எலக்ட்ரானிக் ஜீப்பின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். தண்ணீர் அதுவரை வரலாம், அதைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. அன்று மூன்று ஜீப்புகள் தண்ணீரில் நின்றுவிட்டன. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் கோப்ரல் சரவணன். கேரி தீவுக்காரர், பல வருடமாக ஜீப் ஓட்டுகிறவர், வண்டியை முரட்டுத்தனமாக நடத்தி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் முன்னால் என்னை என்சிக் என்பார். தனியாக இருந்தால் அண்ணே.

சாலையின் வளைவைத் தாண்டி அவர் தொடையளவு தண்ணீரில் நடந்து வருவதைத்தான் நான் முதலில் பார்த்தேன். முதுகில் ஓர் அம்மாள். இரண்டு பக்கமும் இரண்டு சிப்பாய்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பின்னால் அந்த அம்மாளின் மகன் ஒரு பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் பெயர் பார்வதி. சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். வெள்ளத்தால் ஒருமுறை தவறிவிட்டது. கால்கள் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் ரொம்ப பாரமா இருக்கேனாய்யா?" என்று அவர் கேட்பது கிட்டே வந்ததும் காதில் விழுந்தது.

"இல்லம்மா. தோள மட்டும் விட்டுறாதீங்க," என்றார் சரவணன். அவருக்கும் மூச்சு இரைத்தது.

அம்மாளை லோரியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள்.

நின்றுபோன மூன்று ஜீப்புகளில் இரண்டு காய்ந்ததும் ஓடின. சரவணனுடையது ஓடவில்லை. இயந்திரத்தை நடத்தும் அந்த எலக்ட்ரானிக் பெட்டி எரிந்துபோயிருந்தது. வண்டியை விற்ற முகவரின் ஆள் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே சேற்றுத் தண்ணீர். அவர் சொன்னது எளிமையான கணக்கு. பெட்டி வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஆகவே வண்டியைக் கோட்டுக்கு மேல் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். தவறு ஓட்டுநருடையது. சரவணனின் பிரிவில் அவர்மேல் குற்றச்சாட்டு எழுதினார்கள். அரசாங்கச் சொத்துக்குக் கவனக்குறைவால் சேதம். எங்கள் பட்டறை தொழில்நுட்ப அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் முடிவு. கோப்ரல் பட்டை போகலாம், அதற்கு மேலும் தண்டனை வரலாம்.

கிள்ளானில் ஒரு தேநீர்க் கடையில் சரவணன் என்னைப் பார்க்க வந்தார். தேநீரை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கோட்டுக்கு மேல தண்ணி போகவே இல்லண்ணே. நான் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன். பட்டை போனா போகட்டும் லா. ஆனா அந்த அம்மா ஏறுறப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஆமி வண்டில ஏறிட்டேன், இனி பயமில்ல'ன்னாங்க. அத நெனச்சாதான் தூக்கம் வரல."

மறுநாள் மேஜரிடம் போய், சரவணன் பொய் சொல்கிறவர் இல்லை என்றேன். எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. தண்ணீர் எவ்வளவு உயரம் இருந்தது என்று நீங்கள் பார்த்தீர்களா? வளைவுக்கு அப்பால் நடந்ததை நான் பார்க்கவில்லை. இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, முதலில் அந்த வண்டியை யாரும் கழுவக்கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்தபடி, அந்த அம்மாளைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்ட பார்வதி அம்மாவைத் தேடி நாங்கள் இருவரும் போனோம். சுவரில் வெள்ளம் நின்ற பழுப்புக் கறை அப்படியே இருந்தது. மேஜர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது?

"செருப்பு நனஞ்சுச்சுங்க. கால் நனையல. நான் பொடவைய லேசாத் தூக்கிக்கிட்டேன், அவ்வளவுதான்," என்றார் பார்வதி அம்மா. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் பிரச்சனையா? வண்டி நின்னதும் நாந்தான் பயந்துட்டேன், அது பயப்படல," என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் மேஜர் வண்டியின் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் அட்டையைக் கழற்றச் சொன்னார். வீட்டுச் சுவரில் பார்த்த அதே பழுப்புக் கறை கதவின் உள்பக்கத் தகட்டிலும் இருந்தது. அளந்து பார்த்தோம். வெள்ளைக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. செருப்பு நனையும் உயரம்தான். பெட்டியின் மேல்மூடியில் சேறே இல்லை, பழைய தூசிதான் படிந்திருந்தது. தண்ணீர் தெறித்திருக்கலாம் என்றார் முகவரின் ஆள். ஆனால் மூடியின் ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே உலர்ந்து கிடக்கிற பெட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவதைப் போலத்தான் நாங்களும் தேடினோம். நன்றாக ஓடுகிற இன்னொரு ஜீப்பைக் கொண்டுவந்து, பெட்டியின் மூடியில் ஒரு சிறு துளையிட்டு, குழாய் வைத்து, லேசாகக் காற்றடித்தோம். பெட்டியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பூசினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆனால் அளவுமானியின் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மானி பழசு, அதில் கோளாறு இருக்கும் என்றேன். நினைத்ததா என்று கேட்பார் என்று தெரிந்து நானே வேறு மானியை மாட்டினேன். அதிலும் முள் இறங்கியது.

"காற்று போகிறது. அப்படியென்றால் எங்கேயோ வெளியே வர வேண்டும்," என்றார் மேஜர்.

பெட்டியிலிருந்து ஒரு கற்றையாக ஒயர்கள் கிளம்பி வண்டி முழுவதும் போகும். அவர் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தையும் தூரிகையையும் வாங்கிக்கொண்டார். ஒயர் போகும் வழியே ஒவ்வொரு இணைப்பாகப் பூசிக்கொண்டு போனார். மேலே எதுவும் இல்லை. பக்கவாட்டில் எதுவும் இல்லை. பிறகு தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெகுநேரம் தூரிகை உரசும் சத்தம்தான். பிறகு, "என்சிக் பாலா, உள்ளே வாருங்கள்," என்று கூப்பிட்டார்.

நானும் மல்லாந்து அடியில் போனேன். கியர்பாக்ஸின் அடிப்பக்கத்தில், வேகத்தை அளக்கும் ஒரு சின்னச் சென்சாரின் இணைப்பைக் காட்டினார். அங்கே கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மேலே பெட்டிக்குள் நாங்கள் அடித்த காற்று, ஒயரின் ரப்பர் உறைக்குள், செப்பு இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகவே அத்தனை தூரம் கீழே இறங்கி வந்திருந்தது.

"காற்று இறங்கினால் தண்ணீர் ஏறும்," என்றார். எண்ணெய் சொட்டி அவர் கன்னம் கறுத்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஓடிச் சூடான பெட்டிக்குள் காற்றும் சூடாக இருக்கும். வண்டி தண்ணீரில் நிற்கும்போது எல்லாம் குளிர்கிறது, உள்ளே காற்று சுருங்குகிறது, பெட்டி எங்கிருந்தாவது உறிஞ்சப் பார்க்கிறது. மூடி இறுக்கமாக இருக்கிறது. ஆகவே கீழே முங்கிக்கிடக்கும் இணைப்பின் வழியே, ஒயருக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. இந்த வண்டியை வாங்குமுன் தண்ணீரில் ஓட்டிச் சோதித்தவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் ஆற்றைக் கடந்து பார்த்தார்கள். கடப்பதற்குத்தான் வண்டி கேட்டிருந்தார்கள். கிள்ளானில் சரவணனின் வேலை கடப்பது இல்லை. ஒவ்வொரு வாசலிலும் தண்ணீரில் நின்று, ஒரு கிழவர் படியிறங்கும்வரை, ஒரு தாய் குழந்தையின் பால் டப்பாவைத் தேடி எடுக்கும்வரை காத்திருப்பது.

முகவரின் ஆள் கவனமாகக் கேட்டார். இது நடக்கக்கூடியதுதான், ஆனால் அன்று நடந்தது இதுதான் என்று எப்படிச் சொல்வது என்றார். நியாயமான கேள்வி. மேஜர் அவரோடு வாதாடவில்லை. ஒரு நல்ல பெட்டியைக் கெடுக்கத் தன் பெயரில் அனுமதி கேட்டு வாங்கினார்.

முகாமுக்குப் பக்கத்தில் ஈயம் தோண்டி விட்டுப்போன ஒரு பழைய குட்டை உண்டு. ஒரு காலைப் பொழுதில் அங்கே கூடினோம். விசாரணை அதிகாரியான கேப்டன், முகவரின் ஆள், பட்டறையாட்கள் எல்லாரும் கரையில் நின்றோம். ஓட்டுவதற்கு மேஜர் சரவணனைத்தான் கூப்பிட்டிருந்தார். துளையிடாத வேறொரு ஜீப்பை மேட்டுச் சாலைகளில் சுற்றவிட்டு நன்றாகச் சூடாக்கினோம். வண்டியின் பின்னால் மீட்பு லோரியின் கம்பிக் கயிற்றை மாட்டினேன். நானே எதிர்பார்க்காதபடி மேஜர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கரையில் நின்றே பார்க்கலாமே புவான் என்றேன். அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவது நான்தானே, இங்கிருந்து பார்க்கிறேன் என்றார்.

சரவணன் ஜீப்பை மெதுவாக இறக்கினார். தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே வந்ததும் நிறுத்தினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போயிற்று. வெயில் ஏறியது. இயந்திரம் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போதுமே என்று முகவரின் ஆள் மரியாதையாகச் சொன்னார். நான் கையை உயர்த்தி, இழுத்துவிடட்டுமா என்று மேஜரைக் கேட்டேன். அவர் உள்ளிருந்தபடியே வேண்டாம் என்று கையசைத்தார். வண்டிக்குள் அவர் சரவணனிடம், அன்று அந்த அம்மாள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், எப்படி அவரை இறக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சரவணன் பிறகு என்னிடம் சொன்னார்:

"எத்தனையோ தடவ வண்டி நின்னுறக்கூடாதுன்னு சாமிய வேண்டியிருக்கேன். அன்னிக்குத்தான் அண்ணே, நின்னுறணும்னு வேண்டினேன். அதுவும் புவான் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப."

பிறகு சத்தத்தில் ஒரு தடுமாற்றம். எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்று நினைத்தேன். இன்னொரு தடுமாற்றம். புகைக்குழாய் இரண்டு முறை இருமியது. இயந்திரம் நின்றது. குட்டையில் அலை அடங்கியது. எங்களில் ஒருவர் கைதட்டத் தொடங்கி, பெரியவர்கள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சரவணன் ஸ்டீரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். மேஜர் அவர் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு, கயிற்றை இழுக்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

கரையில் எல்லார் முன்னாலும் பெட்டியைக் கழற்றிச் சாய்த்தேன். பழுப்புத் தண்ணீர் சொட்டியது. முகவரின் ஆள் வெள்ளைக் கோட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பெயின்ட் காய்ந்து கிடந்தது. படம் எடுத்துக்கொண்டார். தன் அறிக்கையை மாற்றி எழுதுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். சரவணன்மேல் இருந்த குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள்.

அதன்பின் செய்த மாற்றம் பார்வைக்கு ஒன்றுமில்லை. கீழே இருந்து வரும் ஒயர்களைப் பெட்டிக்கு முன்னால் ஓரிடத்தில் வெட்டி, செப்பு இழைகளை ஈயத்தால் ஒட்டி ஒன்றாக்கி, மேலே பிசின் ஊற்றி அடைத்தோம். மின்சாரம் போகும், தண்ணீர் போகாது. பெட்டி மூச்சுவிட ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதன் வாயைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். உறிஞ்சுவதானால் மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளட்டும். முதல் மூன்று வண்டிகளுக்கு நானே கையால் செய்தேன். பிசின் இறுகியதும் மேஜர் ஒவ்வொன்றையும் காற்றடித்துப் பார்த்தார். மற்ற வண்டிகளுக்கான இணைப்புகளை முகவரே தொழிற்சாலையில் செய்வித்து அனுப்பினார். அடுத்து வந்த வண்டிகள் எல்லாம் அவற்றோடேயே வந்தன. அன்று சாப்பாட்டுக் கடையில் தண்ணீரைக் கண்டாலே படுத்துவிடும் என்று சிரித்தவர்கள் அந்தக் குட்டைக் கரையில் நின்றிருக்க வேண்டும். வாங்கியபோது இருந்த குறையோடு எந்த வண்டியும் எங்களிடம் கடைசிவரை இருந்ததில்லை. யாராவது ஒருவர் அடியில் படுத்துப் பார்த்திருக்கிறார்.

அடுத்த வருட மழையில் கிள்ளானில் மறுபடி தண்ணீர் ஏறியது. நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தன. ஜீப்புகள் விடிந்ததும் போய்விட்டன. இந்த முறை என்னைப் பட்டறையிலேயே இருக்கச் சொன்னார்கள். மீட்பு லோரியைக் கிளப்பத் தயாராக வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். அழைப்பு வந்தால் புறப்பட வேண்டியதுதான். மேஜரும் அறைக்குப் போகாமல் எங்களோடு மெக்கானிக்குகளின் நீள மேசையில் உட்கார்ந்து ஏதோ கோப்பை விரித்துவைத்திருந்தார். பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை. மதியம் ஆயிற்று. சாப்பிட்டோம். மழை பெய்துகொண்டேயிருந்தது. சாயங்காலம் நெருங்கும்போது தொலைபேசி அடித்தது. லோரி ஓட்டுநர் எழுந்து பூட்ஸைக் கட்டத் தொடங்கினார். நான் எடுத்தேன். சரவணன்.

"அண்ணே, எல்லாரையும் கொண்டுபோய் விட்டாச்சு. திரும்பி வரோம்."

"வண்டி எப்படிய்யா இருக்கு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. காலையிலேருந்து தண்ணிலதான் நிக்குது. எங்களுக்குத்தான் பசி. அங்க சோறு ஏதாச்சும் மிச்சமிருக்கா?"

அவர் சொன்னதை மேஜரிடம் மலாயில் சொன்னேன். அவர் கோப்பை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய், சமையற்காரர் மூடி வைத்திருந்த பானையைத் திறந்து பார்த்தார். மீன் குழம்பு குறைவாக இருந்தது. சோறு எல்லாருக்கும் போதும்.